படா பாபுவின் பெரட்டு

மென்பொருளுக்கு மெமோ கொடுத்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் படா பாபு. அமெரிக்காவில்கூட இன்னொருவர் இருக்க வாய்ப்பில்லை. அங்கே மென்பொருள் எழுதத் தெரிந்தவர்கள் தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கலாம்; அதனிடம் மூன்று நாளில் விளக்கம் கேட்கத் தெரிந்தவர் ஒருவரும் இருக்க மாட்டார்.

படா பாபு என்றால் தீவு இந்தியில் பெரிய குமாஸ்தா. மெயின்லேண்டில் ஹெட் கிளார்க் என்பார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்குச் சம்பளப் பட்டியலில் இருந்தது. வேறு எங்கும் அது புழங்கியதில்லை. பூர்வீகம் ராமநாதபுரம், பிறந்து வளர்ந்தது போர்ட் பிளேர், பேசுவது பாதி தமிழ், கால் இந்தி, மீதி ஆபீஸ் நோட்டிங். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் சார் என்று கேட்டால், "சாங்ஷன் வரல" என்பார்.

நான் தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்கப் போனவன். போர்ட் பிளேருக்கு வடக்கே ரங்கத் என்ற ஊரில், பஜாரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த அந்த அலுவலகத்தில் இளநிலை குமாஸ்தாவாகச் சேர்ந்த முதல் நாளே பத்து மணி மூன்று நிமிடத்துக்கு என் பெயருக்கு நேரே சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டார். அதன்பிறகு அவர் எனக்குப் போட்ட வட்டங்களை வரிசையாக வைத்தால் தீவின் வடக்கே மாயாபந்தர் ஊர் வரை போகும்.

வருகைப் பதிவேடுதான் அவருக்கு உயிர். அலுவலகத்தில் ஐந்து மின்விசிறி இருந்தன. காலையில் சுவிட்சைப் போட்டு ஒவ்வொன்றாக அண்ணாந்து பார்த்து, சுற்றாததற்கு ஆப்சென்ட் போடுவார். வாசலில் படுத்துக்கிடக்கும் கறுப்பு நாய்க்கும் பதிவேட்டின் கடைசியில் ஒரு வரி ஒதுக்கியிருந்தார். முருகன் கோயில் பங்குனி உத்திரத்தில் சாமி புறப்பாடு இருபது நிமிடம் தாமதம் என்று எழுதிக்கொண்டு போய்க் குருக்களிடம் கையெழுத்துக் கேட்டார். குருக்களும் சாமி சார்பில் போட்டுக் கொடுத்தார்.

எங்கள் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் விஜயா. அவள் அப்பா அம்மா இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து வந்து கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் குடியேற்றப்பட்டவர்கள். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா முத்துலெட்சுமி மட்டும் கச்சாலில் தனியாக இருந்தார். இங்கே வந்துவிடுங்கள் என்றால் வரமாட்டார். ரங்கத்திலிருந்து கச்சாலுக்குப் போவதென்றால் முதலில் போர்ட் பிளேர் வரை ஒரு பகல் பஸ், வழியில் காட்டுக்குள் வண்டிகளைக் கூட்டமாக மட்டுமே விடும் கான்வாய்க்குக் காத்திருப்பு, அப்புறம் கப்பல். கடல் மனம் வைத்தால் இரண்டு நாள், வைக்காவிட்டால் வாரக்கணக்கு. போன் கிடைக்கிறபோது கிடைக்கும். வீடியோவில் அம்மா வந்தால் நெற்றி வரைக்கும் வந்து நின்றுபோவார்.

விஜயா கெட்டிக்காரப் பெண். அம்மாவுக்குப் பேச்சுத் துணையாக ஒரு மென்பொருளை அவளே உருவாக்கினாள். போனில் தானாகவே தமிழில் பேசும், கேட்கும், பதில் சொல்லும். தேன் குரல். பெயர் ஸ்நேகா. தினமும் அம்மாவை விசாரித்து, அவர் எப்படி இருக்கிறார் என்று மாலையில் விஜயாவுக்கு நாலு வரி அனுப்பிவிடும். எங்களுக்கெல்லாம் படித்துக் காட்டுவாள். 'அம்மா இன்று மகிழ்ச்சியாக இருக்கிறார்கள், மதியம் நன்றாகச் சாப்பிட்டார்கள்' என்று இருக்கும். என் வீட்டில் என்னைப் பற்றி இவ்வளவு அக்கறையாக யாரும் எழுதியதில்லை என்று நான் பொறாமைப்பட்டேன்.

ஒரு திங்கட்கிழமை விஜயா வீங்கிய கண்ணோடு வந்து ராஜினாமாக் கடிதத்தைப் படா பாபு மேசையில் வைத்தாள். அவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார்.

"க்யா ஹுவா? என்னம்மா ஆச்சு?"

"அம்மா நாலு நாளாக் காய்ச்சல்ல கெடந்துருக்கு சார். பக்கத்து வீட்டுச் சின்னையா மாமா நேத்து போன் பண்ணித்தான் தெரியும். ஸ்நேகா நாலு நாளும் நல்லா இருக்காங்கன்னே சொல்லிக்கிட்டு இருந்துச்சு. இப்ப பரவால்ல, ஆனா இனிமே நான் அம்மாகூடவே போயி இருக்கப்போறேன்."

"யாரு ஸ்நேகா? எந்த செக்‌ஷன்?"

"ஆள் இல்ல சார். சாஃப்ட்வேர்."

"சாஃப்ட்வேரா இருந்தா பொய் சொல்லலாமா?"

அம்மாவிடமிருந்து பதில் வராத நாட்களில் ஸ்நேகா சும்மா இருக்கவில்லை. பழைய பதில்களை வைத்து அம்மா எப்படி இருப்பார் என்று ஊகித்து, விஜயாவின் மனம் கோணாதபடி எழுதி அனுப்பியிருக்கிறது. படா பாபுவுக்கு முகம் சிவந்துவிட்டது. வராதவனுக்கு வந்ததாகக் கையெழுத்துப் போடுவதுதான் அவருடைய அகராதியில் மகாபாவம். அப்போதே காகிதத்தை எடுத்தார். 'பார்க்காததைப் பார்த்ததாகவும் கேட்காததைக் கேட்டதாகவும் அறிக்கை அளித்தது ஏன் என்பதற்கு, இக்குறிப்பு கிடைத்த மூன்று நாட்களுக்குள் விளக்கம் அளிக்கவும்.' கீழே கையெழுத்து, முத்திரை. விஜயா தட்டச்சு செய்து உள்ளே அனுப்பினால்தான் ராஜினாமாவைத் தொடுவேன் என்றார்.

ஸ்நேகா மூன்று நாள் எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று விநாடியில் பதில் வந்தது. 'உங்கள் மனவருத்தம் எனக்குப் புரிகிறது. இதை நாம் சேர்ந்தே கடந்து வரலாம்.' பக்கத்தில் ஒரு சிவப்பு இதயம். படா பாபு அதைப் பிரிண்ட் எடுக்கச் சொல்லி, ஓரத்தில் எழுதினார்: 'விளக்கம் திருப்திகரமாக இல்லை. மேலதிகாரிக்கு இதயம் போட்டது ஒழுங்கீனம்.'

ராஜினாமாவையும் அவர் சும்மா விடவில்லை. "மார்ஜின் விடல. காகஸ் வாபஸ்" என்று திருப்பினார். மறுநாள் மார்ஜினோடு வந்தது. தேதி எண்ணில் இருக்கிறது, எழுத்தில் வேண்டும் என்றார். அதற்கடுத்த நாள், 'சொந்தக் காரணம்' என்றால் எந்தச் சொந்தம் என்று கேட்டார். ஆறு முறை அந்தக் கடிதம் போய் வந்தது. நாங்கள் அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று முதுகுக்குப் பின்னால் திட்டினோம். நான் கொஞ்சம் அதிகமாகவே திட்டினேன். எனக்கு வட்டக் கணக்கும் இருந்தது.

ஆறாவது முறை திருப்பிய அன்று மதியம், படா பாபு விஜயாவின் போனில் கச்சாலுக்குப் போட்டுத் தரச் சொன்னார். கிடைத்தது. ஸ்பீக்கரில் வைத்தார்.

"முத்துலெட்சுமிம்மா, நான் ஆபீஸ்லேர்ந்து படா பாபு பேசறேன். அந்த ஸ்நேகா கேட்டா நீங்க ஏன் பதில் சொல்லல?"

"என்னாங்கய்யா செய்யிறது. எவளோ ஒருத்தி தெனமும் போன்ல வந்து கொஞ்சுறா. மனசு எப்பிடி இருக்கு, சந்தோசமா இருக்கீங்களாங்குறா. பெத்த புள்ளையே அப்பிடிக் கேட்டதில்ல. எனக்குக் கூச்சமா இருக்குங்க."

"அப்ப எப்படிக் கேட்டா பதில் சொல்லுவீங்க?"



"முப்பது வருசம் தோட்டத்துல பேர் பதிஞ்சேனுங்க. காலையில பெரட்டுக்களத்துல கங்காணி பேரக் கூப்புடுவாரு. இருக்கேன்னு சொல்லுவோம். அவ்வளவுதான். ஒரு நாள் தப்புனதில்ல. அதுக்கு மேல ஆம்பளையாளுககிட்ட என்னா பேச்சு."

பெரட்டு என்றால் தோட்டத்து மக்கள் பேச்சில் காலை வருகைக் கணக்கெடுப்பு. படா பாபு நாற்காலியைவிட்டு எழுந்து நின்றுவிட்டார். தன் மொழி பேசும் ஓர் உயிரை முப்பத்தைந்து வருட சர்வீஸில் முதல் முறையாகச் சந்தித்த மனிதரின் முகம் அது.

"சுனா? கேட்டியா விஜயா? இதுதான் சிஸ்டம்."

அன்றே ஸ்நேகா பணிநீக்கம் செய்யப்பட்டாள். அந்த இடத்தில் புதிதாக ஒன்றை எழுதச் சொன்னார். எங்கள் தீவில் பாதிப் பேர் அரசு வேலையைத் தினக்கூலி மஸ்தூராகத்தான் தொடங்குவார்கள். வேலை நிரந்தரமாவதற்குள் தலை நரைத்துவிடும். புதிய மென்பொருளையும் அந்த வழியில்தான் சேர்ப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். பெயரே மஸ்தூர் என்று ஆகிவிட்டது. அதற்குப் பணிப்பதிவேடு திறந்தார். உயரம் என்ற இடத்தில் விஜயாவின் போனை ஸ்கேலால் அளந்து ஆறு அங்குலம் என்று எழுதினார். அங்க அடையாளம், மூலையில் கீறல். நிரந்தர முகவரி என்ற இடத்தில் பேனா நின்றது.

"இவன் எங்க இருக்கான்?"

"க்ளவுட்ல சார்."

"மெயின்லேண்டா?"

"அப்படியும் சொல்லலாம் சார்."

"அப்ப ஊருக்குப் போய்வர லீவு உண்டு" என்று மெயின்லேண்ட் என்றே எழுதினார்.

மஸ்தூரின் வேலை சுருக்கமானது. காலை ஆறு மணிக்குப் பெயரைக் கூப்பிட வேண்டும். வந்த குரலை வந்தபடி விஜயாவுக்குச் சேர்க்க வேண்டும். சொந்தமாக ஒரு வார்த்தை சேர்க்கக் கூடாது. பதில் வராவிட்டால் ஐந்து நிமிடத்துக்கொரு தரம் கூப்பிட வேண்டும். மூன்று முறையும் வரவில்லை என்றால் ஆறுதல் சொல்லிக்கொண்டு நிற்காமல் பக்கத்து வீட்டுச் சின்னையாவின் போனை அடித்து, போய்ப் பாருங்கள் என்று ஆளை எழுப்ப வேண்டும். கூப்பிடும் குரல் யாருடையது என்ற கேள்வி வந்தபோது தேன் குரல்கள் நாலைந்தை விஜயா போட்டுக் காட்டினாள். அவர் எல்லாவற்றையும் நிராகரித்துவிட்டுத் தொண்டையைச் செருமி, தானே "முத்துலெட்சுமி" என்று பதிவு செய்து கொடுத்தார். கேட்டவுடன் எனக்கே எழுந்து நிற்கத் தோன்றியது.

மறுநாள் காலை ஆறு மணி. விஜயா குடியிருந்த குவார்ட்டர்ஸ் என் குவார்ட்டர்ஸுக்கு அடுத்தது. அவள் போனில் படா பாபுவின் குரல் பெயரைக் கூப்பிட்டது. ஒரு நொடி தாமதமில்லை.

"இருக்கேன்."

கணீரென்று வந்தது. வீடியோ நெற்றியோடு நின்றுவிடும் அதே நெட்டில் ஒற்றைச் சொல் நனையாமல் கொள்ளாமல் கடல் தாண்டி வந்துவிட்டது. விஜயா அதை ஏழெட்டுத் தரம் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் அடுப்பைப் பற்ற வைத்தாள்.

நாலாவது நாள் கச்சாலில் கலகம் வெடித்தது. முத்துலெட்சுமிக்கு மட்டும் பேர் கூப்பிடுகிறார்களே, முப்பது வருடம் பக்கத்தில் நின்று ரப்பர் பால் வெட்டிய நாங்கள் ஆளில்லையா என்று சின்னையா கேட்டார். அவர் பெயர் ஏறியது. அப்புறம் அந்த வரிசையில் இருந்த நாற்பது வீடும் ஏறியது. வேலைக்கென்று ஊரைவிட்டு வந்த அவர்களுடைய பிள்ளைகள் போர்ட் பிளேரிலும் லாங் ஐலண்டிலும் சென்னையிலும் இருந்துகொண்டு காலை ஆறு மணிக்குக் காதைத் தீட்டிக்கொண்டார்கள். எல்லாப் பெயரையும் படா பாபு தாமே கூப்பிட்டுப் பதிவு செய்தார். ஒருவர் "இருக்கேன், ஆனா முட்டிதான் வலிக்குது" என்று நீட்டியபோது, ஒரு வார்த்தைக்கு மேல் அனுமதியில்லை என்று குறிப்பு அனுப்பினார். அதற்குத் தேவையும் இருக்கவில்லை. அந்த ஒரு வார்த்தையிலேயே ஜலதோஷம் தெரிந்தது, மருமகளோடு சண்டை தெரிந்தது, பேரன் பிறந்தது தெரிந்தது.

விதிப்படி மஸ்தூருக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. ஞாயிற்றுக்கிழமை அவனை நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டார் படா பாபு. அவனுக்கு என்ன சார் களைப்பு என்று நான் கேட்டதற்கு, "நீ களைக்கற அளவுக்கு வேலை செஞ்சிட்டு அப்புறம் பேசு தம்பி" என்றார். அந்த ஞாயிறு ஆறு மணிக்கு யாரும் யாரையும் கூப்பிடவில்லை. ஆனாலும் கச்சாலிலிருந்து ஒன்றன் பின் ஒன்றாக, வரிசை மாறாமல், நாற்பது குரலும் விஜயாவின் போனில் குரல்செய்தியாக வந்து விழுந்திருந்தன. இருக்கேன், இருக்கேன், இருக்கேன். திங்கட்கிழமை காலையில் விஜயா போட்டுக் காட்டினாள். நாற்பதையும் முழுதாகக் கேட்டுவிட்டுப் படா பாபு வெளியே போய் அந்தக் கறுப்பு நாயின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார். பொதுநலன் கருதி வார ஓய்வு ரத்து என்று உத்தரவு போட்டார்.

அன்றைக்குத்தான் நான் அவரிடம் கேட்டேன், இந்த ரிஜிஸ்டர் பைத்தியம் எப்படி சார் பிடித்தது என்று. அவர் கோபப்படவில்லை.

"ரிஜிஸ்டர் எதுக்குன்னு நெனைக்கற? சம்பளம் பிடிக்கவா? ஒருத்தன் வரலைன்னா, வரலைங்கறது யாருக்காவது தெரியணும் தம்பி. அதுக்குத்தான்."

இவ்வளவு நடந்தும் ராஜினாமா முழுதாக ஒழியவில்லை. ஏழாவது தடவை திருத்தி எழுதிய கடிதம் ஒரு குறையும் இல்லாமல் அவர் இழுப்பறையில் இருந்தது. "மழைக்காலம் ஒண்ணு தாண்டட்டும் சார். அதுவரைக்கும் பார்க்கறேன். இல்லைன்னா போயிடறேன்" என்று விஜயா சொல்லியிருந்தாள்.

மழைக்காலம் வந்தது. ஒரு காலை, வானம் பிய்த்துக்கொண்டு கொட்டுகிற நேரம், விஜயா என் கதவைத் தட்டினாள். முத்துலெட்சுமி பெயருக்குப் பதில் இல்லை. மற்ற முப்பத்தொன்பது பேரும் சொல்லிவிட்டார்கள்; எனவே நெட்டின் மேல் பழி போட வழியில்லை. நான் படா பாபுவுக்குப் போன் செய்தேன். இரண்டாவது முறை கூப்பிட்டபோதும் பதில் இல்லை. மூன்றாவது முறை மஸ்தூர் கூப்பிடும்போது லுங்கியும் குடையுமாகப் படா பாபு வந்துவிட்டார். கக்கத்தில் பாலிதீன் பையில், கச்சால் ஆட்களுக்கென்று அவர் திறந்த பதிவேடு. தன் குரலே தன் எதிரில் "முத்துலெட்சுமி" என்று கூப்பிட்டுவிட்டுக் காத்திருப்பதை அவர் கேட்டுக்கொண்டு நின்றார். பதில் வரவில்லை.

"அனுப்பிச்சிட்டானா?" என்றார்.

"சின்னையா மாமாவுக்கு அடிச்சிருச்சு சார். எடுத்துட்டாரு. போறாராம்."

விஜயா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். படா பாபு பதிவேட்டைத் திறந்தார், மூடினார், திறந்தார். முத்துலெட்சுமி என்ற பெயருக்கு நேரே அன்றைய கட்டத்தில் அவர் எதுவும் எழுதவில்லை.

பத்து நிமிடம் கழித்துப் போன் அடித்தது. சின்னையா மூச்சிரைக்கப் பேசினார்.

"புள்ள, பயப்புடாத. கெணத்தடியில வழுக்கி வுழுந்துருக்கா. காலு பெசகிருச்சு, எந்திரிக்க முடியல. ஆனா தெளிவா இருக்கா. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறோம். இந்தா, என்னமோ கேக்கணுங்குறா."

மழை இரைச்சலுக்கு நடுவே முத்துலெட்சுமியின் குரல் வந்தது.

"பெரட்டு எடுத்து முடிச்சாச்சா? எம் பேர வெட்டிப்புட்டாங்களா?"

படா பாபு போனைப் பிடுங்காத குறையாக வாங்கினார்.

"வெட்டலம்மா. யார் வெட்டுவா? லேட்டுதான். சும்மா லேட்டு." அழுவதை மறைக்கக் குடையை விரித்துக்கொண்டார், வீட்டுக்குள்ளேயே. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்புறம் நடந்தது எல்லாம் படா பாபுவின் வேகம். விஜயாவின் விடுப்பு விண்ணப்பத்தை அவரே எழுதி, அவரே பரிந்துரைத்து, மார்ஜின் இல்லாமலே அனுப்பினார். கப்பல் டிக்கெட் வரிசையில் போர்ட் பிளேரில் இருந்த தன் சொந்தக்காரரைக் கொட்டும் மழையில் நிற்க வைத்தார். கச்சால் ஆஸ்பத்திரியில், நல்ல வேளை, நாள் முழுக்க மழையில் கிடக்காமல் பார்த்துவிட்டீர்கள் என்றார்களாம். கட்டுப் போட்ட மறுநாளே கட்டிலில் படுத்தபடி முத்துலெட்சுமி ஆறு மணிக்கு "இருக்கேன்" சொன்னார். விஜயா அம்மாவைக் கையோடு கூட்டிவரப் பார்த்தாள். "எம் பேரு கூப்புடுற எடத்துலதான் நான் இருப்பேன். நீ போயி உன் வேலையப் பாரு புள்ள" என்று அனுப்பிவிட்டார். அவர் கால் தேறியதும் விஜயா திரும்பி வந்தாள்.

படா பாபு ஓய்வு பெற்ற நாளில் மாலை, சால்வை, சமோசா எல்லாம் இருந்தன. யாரும் சமோசாவைத் தொடுவதற்குமுன் இரண்டு காகிதம் பாக்கி என்றார். முதலாவது, மஸ்தூரின் பணி நிரந்தர உத்தரவு. தீவு வரலாற்றில் இவ்வளவு சீக்கிரம் நிரந்தரமான மஸ்தூர் வேறு எவனும் இல்லை. இரண்டாவது, விஜயாவின் ராஜினாமா. அதன் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: 'தேவை எழவில்லை. கோப்பை மூடலாம்.' விஜயா அதை வாங்கி நாலாகக் கிழித்தாள். எங்கள் கைதட்டலில் வாசல் நாய் எழுந்து உள்ளே வந்தது. அவர் கடிகாரத்தைப் பார்த்து அதற்கும் ஒரு ஆஜர் போட்டார்.

ஓய்வுக்குப் பிறகு போர்ட் பிளேர் பக்கத்தில் புரோத்ராபூரில் ஒரு சின்ன வீட்டில், நாலு பாத்தி கீரையோடு தனியாக இருக்கப் போனார். போன மறுநாள் காலை ஆறு மணிக்கு நானும் விஜயாவும் போனை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவருக்குத் தெரியாமல் பட்டியலில் நாற்பத்தொன்றாவது பெயர் ஒன்று ஏறியிருந்தது. அதைக் கூப்பிட மட்டும் அவர் குரல் உதவாது என்று விஜயா கச்சாலிலிருந்து வேறு குரல் வாங்கியிருந்தாள். நாற்பது பேரும் சொல்லி முடித்தபின், முத்துலெட்சுமியின் குரல் கூப்பிட்டது.

"படா பாபு அய்யா."

ஒன்றும் வரவில்லை. விஜயா என்னைப் பார்த்தாள். சட்டங்களை எழுதியவரே சட்டத்தை மீறுகிறாரோ என்று நான் சொல்ல வாயெடுத்த நேரம், யாரோ தொண்டையைச் செருமுவது கேட்டது.

"ஹாஜிர்."

இப்போது நான் தென்காசிக்கே திரும்பி வந்துவிட்டேன். பட்டியல் வளர்ந்து வளர்ந்து என் பெயரும் அதில் ஏறிவிட்டது. அந்த மனிதரிடம் ஒரு நாளும் நேரத்துக்கு ஆஜர் ஆகாத நான், இப்போது காலை ஆறு மணிக்கு அவர் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிக் கேட்காமல் டீயைத் தொடுவதில்லை.